செங்கம் கணவாயில் ஒரு புல் முடிச்சு

செங்கம் கணவாயை ஒருமுறையாவது நடந்து பாருங்கள்! மயிலாப்பூரில் பிறந்து கச்சேரி சாலையிலும் சாந்தோமிலும் கால் தேய நடந்தவன் சொல்கிறேன்: நம்ம ஊர்ச் சரித்திரத்தின் இன்னொரு நுனி அங்கேதான் இருக்கிறது.

1767இல் பதினாறு, பதினேழு வயதுத் திப்பு குதிரைப்படையோடு வந்து சென்னைப் புறநகரின் தோட்ட வீடுகளைக் கலங்கடித்தார். 1769 மார்ச்சில் ஹைதர் அலியே 6,000 குதிரை வீரர்களோடு பட்டணத்தின் வாசலில் வந்து நின்றார். ஏப்ரலில் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்கள் உடன்படிக்கைக்கு இறங்கி வந்தார்கள். 1780 ஜூலையில் மைசூர்ப் பெரும்படை, ஏறத்தாழ 80,000 பேர், கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படை நொறுங்கியது. எல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஆனால் இத்தனை ஆளும் மாடும் பீரங்கியும் மலையிலிருந்து எந்த வழியாக இறங்கின? இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டால் விடாது. விடை, செங்கம்!

விடியற்காலை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திருவண்ணாமலையில் காபி குடித்து, செங்கத்தில் இறங்கி, சிங்காரப்பேட்டையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே கல்வராயன் மலைத்தொடர், நடுவே அகலமான இடைவெளி. கணவாய் என்றதும் செங்குத்துப் பாறையைக் கற்பனை செய்திருந்தேன். இங்கே ஏறுகிறோம் என்பதே காலுக்குத் தெரியவில்லை! அப்போதுதான் புரிந்தது. பீரங்கியை இழுத்தவை மாடுகள். மாட்டுக்குச் செங்குத்து ஆகாது, மென்சரிவு வேண்டும், வழியில் தண்ணீர் வேண்டும். மேட்டுநிலமான பாராமகாலிலிருந்து திருவண்ணாமலைச் சீமைக்கு இறங்க இதைவிட நல்ல வாசல் ஏது? 1767 செப்டம்பரில் ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித் பின்வாங்கியதும் இதே வழியில்தான். ஹைதரும் நிஜாமும் துரத்தி வந்து செங்கத்தில் மோதினார்கள். புத்தகத்தில் பத்துத் தடவை படித்தும் பிடிபடாதது, ஒரு காலை நடையில் பிடிபட்டுவிட்டது.

இந்த வழிக்கு அந்தப் போர்களைவிடப் பழைய வழிகாட்டி ஒன்று தமிழில் இருக்கிறது என்பதுதான் என்னைச் சிலிர்க்க வைத்தது. மலைபடுகடாம்! செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டு. எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிப் பொறி இருக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எப்படி வரும், எல்லாம் அதில் உண்டு. உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் இது எனக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? அவர் பெயரிலான நூலகம் நம் பெசன்ட் நகரிலேயே இருக்கிறது. நடப்பதற்கு முன் அந்த வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கிளைவழிகளில், புறமுதுகிடாமல் மாண்ட மறவருக்கு நட்ட கற்கள் நிற்கும், யாழிசைத்து வணங்கிவிட்டுப் போங்கள் என்கிறது அந்தப் பாட்டு. நம்புங்கள், நின்றது! நெடுஞ்சாலையை விட்டு வரப்பில் கொஞ்ச தூரம், ஒரு வேப்பமரத்தடி. இடுப்பளவுப் பலகைக்கல். ஒரு கையில் வில், மறு கையில் வாள், முன்னால் வைத்த கால் இன்னும் மடங்கவில்லை. தலைக்கு மேல் தேய்ந்த வட்டெழுத்து. மஞ்சளும் குங்குமமும் மார்பில் அப்பியிருந்தன. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்த பாட்டி ஒருவர் வந்தார்.

"இன்னாப்பா தேடற? இது எங்க வேடியப்பன். மாடு கன்னுக்கு ஒண்ணும் வராம பாத்துக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பக்கத்து நடுகற்களில் பெரும்பாலானவை ஆநிரைக்காகச் செத்தவர்களுக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாய்க்கும் இடமுண்டு. திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. காலம், மகேந்திரவர்மப் பல்லவனுடையது. அத்தனை நூற்றாண்டு கழித்தும், எழுத்தை ஊரார் வாசிக்க முடியாமல் போன பின்னும், வேலை மட்டும் மாறவில்லை. வீரன் இன்னும் மாடு காக்கிறான்!

ஹைதரின் குதிரைகளும் ஸ்மித்தின் சிப்பாய்களும் இதே கற்களைத் தாண்டித்தானே போயிருப்பார்கள்! எத்தனை படை வந்து போயென்ன, இங்கே தங்கியவன் வேடியப்பன்தான்.

வழி தெரியாத புதியவர்கள் கவர்வழியைத் துடைத்து, பின்னால் வருபவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வையுங்கள் என்றும் மலைபடுகடாம் சொல்கிறது. வரப்பு பிரியும் இடத்தில் நீளமான புல்லாகப் பார்த்து, ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சீக்கிரம் கிளம்புங்கள்!