பக்குவமே அளவுகோல்: மருந்தாகும் சைவச் சமையலின் மரபுகள்

ரிஷிகேசத்து யோகா விடுதிகளிலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆரோக்கிய மையங்களிலும் 'ஆயுர்வேத உணவு' என்று கேட்டால் முதலில் வருவது பாசிப்பருப்புக் கிச்சடி. குடலைச் சுத்தம் செய்ய மூன்று நாள் வெறும் கிச்சடி, ஒரு வாரம் வெறும் கிச்சடி என்று திட்டங்களே போட்டு விற்கிறார்கள். வயிற்றுக்கு இதைவிட இலேசானது எதுவும் இல்லை என்பது விளம்பரம். 16-ஆம் நூற்றாண்டில் 'பாவப்பிரகாசம்' எழுதிய பாவமிச்ரர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அரிசியையும் பருப்பையும் சேர்த்து உப்பு, இஞ்சி, பெருங்காயம் போட்டு நீரில் வேகவைக்கும் 'கிருசரா'வை அவர் தம் நூலில் சொல்லியிருக்கிறார். பலம் தரும், ஆனால் கனமானது, எளிதில் செரிக்காது, பித்தத்தையும் கபத்தையும் கூட்டும் என்பது அவர் தீர்ப்பு.

அப்படியானால் கிச்சடி இலேசா, கனமா? எந்தப் பருப்பு, எவ்வளவு தண்ணீர், பழைய அரிசியா புது அரிசியா, வறுத்ததா வறுக்காததா, சாப்பிடுகிறவர் உழவரா காய்ச்சலிலிருந்து எழுந்தவரா என்று தெரியாமல் எந்த வைத்தியரும் இதற்குப் பதில் சொல்ல மாட்டார். இந்த மரபின் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான அடித்தளம் இந்தக் கேள்விகள்தான். 'நல்ல உணவு, கெட்ட உணவு' என்ற பட்டியல் இவற்றுக்கு அடுத்ததுதான்.

சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் முதல் அத்தியாயத்திலேயே உணவை எடைபோட எட்டு அம்சங்களைச் சொல்கிறது: பொருளின் இயல்பு, பக்குவம், சேர்க்கை, அளவு, இடம், காலம், உண்ணும் முறை, உண்பவர். இவற்றில் சமையற்காரர் கையில் முழுதாக இருப்பது இரண்டாவது. நீரில் ஊறுவது, நெருப்பில் வேவது, கடைவது, வறுப்பது, பாத்திரத்தில் நாள்பட வைப்பது எல்லாமே பொருளின் குணத்தை மாற்றும் செயல்கள் என்பது சரகரின் கணக்கு. அதே அரிசி சோறாகும்போது ஒரு குணம், நெற்பொரியாகும்போது வேறு குணம். தமிழ்நாட்டில் சளியும் வயிற்றுப்போக்கும் வந்த பிள்ளைக்கு அரிசியைச் சிவக்க வறுத்துக் கஞ்சி வைக்கும் பாட்டிகள் சரகரைப் படித்தவர்கள் அல்லர். செய்வது மட்டும் அவர் சொன்னதுதான்.

வெண்பொங்கலும் கிருசராவின் சொந்தக்காரர்தான். பருப்பும் அரிசியும் நெய்யும் சேர்ந்த கனத்தை மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம் நான்கும் தட்டிக் கொடுத்து இறக்குகின்றன. மிளகை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொங்கல் சாப்பிடுகிறவர் பாவமிச்ரர் எச்சரித்த உணவைத்தான் சாப்பிடுகிறார்.

கஞ்சியில் இந்த மரபு காட்டியிருக்கும் நுணுக்கம் வேறெதிலும் இல்லை. வைத்தியப் பரிபாஷைப்படி அரிசியைப் போல் 5 மடங்கு நீரில் வெந்தால் அன்னம். 4 மடங்கில் குழைந்தால் விலேபி. 6 மடங்கில் யவாகு. 14 மடங்கில் வெந்து, பருக்கை நீக்கித் தெளிவாக எடுத்தால் மண்டம். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் இரண்டாம் அத்தியாயத்தில் மட்டும் 28 வகை யவாகுகள் வருகின்றன. பசி எழுப்ப ஒன்று, வலிக்கு ஒன்று, தாகத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றிலும் மூலிகை மாறும். பஞ்சகர்ம சிகிச்சை முடிந்ததும் நோயாளிக்கு நேரடியாகச் சோறு போடுவதில்லை. முதலில் பேயா என்ற நீர்த்த கஞ்சி, பிறகு விலேபி, அதன்பின் உப்பும் நெய்யும் தாளிப்பும் இல்லாத பயற்று ரசம், அடுத்து அவை சேர்ந்த பயற்று ரசம், கடைசியில் இறைச்சி ரசம். உடல் எவ்வளவு சுத்தமானது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு படியும் மூன்று வேளை, இரண்டு வேளை, ஒரு வேளை. அணைந்த அடுப்பைச் சருகு, சுள்ளி, விறகு என்று வரிசையாகப் போட்டு மூட்டுவது போன்ற ஏற்பாடு.

கடைசிப் படியில் இறைச்சி ரசம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயுர்வேதம் என்றாலே சைவம் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. மூலநூல்கள் அப்படிச் சொல்லவில்லை. சரக சம்ஹிதையின் 27-ஆம் அத்தியாயமான அன்னபானவிதி உணவை 12 வகுப்பாகப் பிரிக்கிறது. முதலிரண்டும் தானியமும் பருப்பும், மூன்றாவதே மாமிசம். மதுவுக்கும் தனி வகுப்பு உண்டு. சமண, பௌத்த, வைணவ, சைவ நெறிகள் கொல்லாமையை அடுக்களைக்குள் கொண்டுவந்தபோது, வைத்திய நூலில் இருந்த பால், நெய், பயறு, கீரை, பழம் ஆகிய வகுப்புகளே போதும் என்று ஒரு சமையல் வளர்ந்தது. அதற்குத் தேவையான சரக்கை நூலே தயாராக வைத்திருந்தது. நாள்தோறும் உண்ணத்தக்கவை என்று சரகர் சொல்பவற்றில் அறுபது நாள் நெல், செந்நெல், பாசிப்பயறு, இந்துப்பு, நெல்லிக்காய், வாற்கோதுமை, பால், நெய், தேன் இவ்வளவும் இருக்கின்றன. காட்டு விலங்கின் இறைச்சியும் அந்த வரிசையில் உண்டு. அதை விட்டுவிட்டாலும் ஒரு நல்ல சாப்பாடு மிஞ்சுகிறது.

பள்ளிகளுக்குள் கணக்கு வேறுபடுவதும் உண்டு. இரைப்பையை மூன்று பங்காக்கி, ஒன்றில் திட உணவு, ஒன்றில் திரவம், மீதி ஒன்று வாத பித்த கபங்களுக்கு என்பது சரகர் வழி. வாக்படரின் 'அஷ்டாங்க இருதயம்' நான்கு பங்காக்குகிறது: இரண்டு பங்கு திடம், ஒரு பங்கு திரவம், ஒரு பங்கு காற்றுக்காகக் காலி. கேரளத்து அஷ்டவைத்தியர் குடும்பங்கள் வாக்படரைத்தான் உயிராகப் பிடித்துக்கொண்டன. மலையாள நாட்டின் மருத்துவச் சமையலும் அந்த நூலின் பருவ ஒழுக்கத்தை ஒட்டியே நடக்கிறது.

மழைக்காலத்தில் வயிற்றுத் தீ மந்தப்படும் என்பது அந்தப் பருவ ஒழுக்கத்தின் விதி. கர்க்கடகக் கஞ்சி அதற்கான விடை. நம் ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடகத்தில் நவர அரிசியோடு வெந்தயம், சீரகம் முதலியவற்றைச் சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டு, சிலர் தசபுஷ்பம் என்னும் பத்து மூலிகைச் சாறும் கலந்து கஞ்சி காய்ச்சுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற இந்த நவர அரிசிதான், வைத்தியசாலையில் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வெந்து, துணி மூட்டையாகி நவரக்கிழி என்று உடம்பின் மேலும் உருள்கிறது. ஒரே நெல் உள்ளே போகும் மருந்தாகவும் வெளியே தேய்க்கும் மருந்தாகவும் இருப்பது அபூர்வம். 1902-இல் பி.எஸ். வாரியர் கோட்டக்கலில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கி, வீட்டில் காய்ச்சிய கஷாயத்தைக் குப்பியில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். இன்று கர்க்கடகக் கஞ்சியும் பொட்டலமாகக் கிடைக்கிறது. சிலர் அதில் வெல்லம் சேர்க்கிறார்கள். சர்க்கரை நோயாளி அதை மருந்து என்று எண்ணி இரண்டு கிண்ணம் குடித்தால், உண்பவர் யார் என்ற கேள்வி விடுபட்டுப் போனதாக அர்த்தம்.

தமிழ்நாட்டுப் பள்ளி சித்த மருத்துவத்தின் வழி வந்தது. வாத பித்த கபம் இங்கே வளி, அழல், ஐயம். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான 'மருந்து' இந்த மூன்றைத் தொட்டுவிட்டு, முன் உண்டது செரித்ததா என்று பார்த்து உண்பதைத்தான் பெரும்பாலும் பேசுகிறது. 'பதார்த்த குண சிந்தாமணி' காய், கீரை, தானியம், நீர் என்று ஒவ்வொன்றின் குணத்தையும் பாட்டாக அடுக்குகிறது. ஏலம், மஞ்சள், சீரகம், பெருங்காயம், சுக்கு, மிளகு, பூண்டு, வெந்தயம் ஆகிய எட்டும் முக்குற்றத்தைச் சமன் செய்பவை என்று சித்தர்கள் தொகுத்தார்கள். இந்த எட்டில் ஐந்தேனும் போகாத ரசம் தமிழ் வீட்டில் அரிது.

ஆனால் பத்தியம் வந்தால் இதே பள்ளி கையை மடக்குகிறது. இச்சாபத்தியம் என்ற பத்திய வகையில் விலக்கப்படுபவை கடுகு, நல்லெண்ணெய், தேங்காய், மா, பலா, பாகல், அகத்தி முதலியவை. மதுவும் புகையிலையும் கூட. எட்டில் இடம் பெற்ற பூண்டும் பெருங்காயமுமே இங்கே விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. இது முரண் அல்ல. நலமாக இருப்பவனின் தட்டும் மருந்து உண்பவனின் தட்டும் வேறு என்பதே சித்தர் நிலை. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று கிராமத்தில் இன்றும் சொல்வது இந்த விதியின் மிச்சம். மருந்து முடிந்த அன்றே விருந்துக்குப் போய்விடவும் கூடாது; கட்டுப்பாட்டை மெல்லத் தளர்த்த மறுபத்தியம் இருக்கிறது.

பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப் போடும் சாப்பாட்டில் இந்தப் பள்ளியின் கைத்திறன் முழுதும் தெரியும். பூண்டுக் குழம்பு, மிளகுக் குழம்பு, கண்டந்திப்பிலி ரசம், நெய்யில் வறுத்த மணத்தக்காளி வற்றல், முதல் கவளத்துக்கு அங்காயப் பொடி. சுண்டை வற்றல், வேப்பம்பூ, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் என்று கசப்பும் காரமும் சேர்ந்த அந்தப் பொடியைச் சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து தருவார்கள். கொங்கு நாட்டில் இதே வேலையைச் செலவு ரசம் செய்கிறது.

அரசவை அடுக்களைகள் தனிக் கதை. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' சமையலுக்கும் இடம் ஒதுக்கியது. நம் மண்ணில் தஞ்சை மராட்டியர் இதை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏகோஜி மன்னரின் அரசி தீபாபாயின் ஆதரவில் இருந்த ரகுநாத சூரி 'போஜன குதூகலம்' தொகுத்தார். பழைய வைத்திய நூல்களின் கருத்துகளைத் திரட்டி, தம் காலத்துப் பண்டங்களுக்கும் குணம் எழுதினார், ஜிலேபிக்குக்கூட. வைத்தியம் பேசும் ஒரு நூல் மிட்டாய்க் கடையை அலட்சியப்படுத்தாதது பாராட்டத்தக்கது. அடுத்த நூற்றாண்டுகளில் இரண்டாம் சரபோஜியின் பெயரால் 'சரபேந்திர வைத்திய முறைக'ளும் 'சரபேந்திர பாகசாஸ்திர'மும் வந்தன. மருந்துக்கும் விருந்துக்கும் ஒரே அரண்மனை நூல் கண்டது.

சாத்விகப் பள்ளி எல்லாவற்றுக்கும் பிந்திப் புகழ் பெற்றது. இன்று சத்தமும் அதற்குத்தான் அதிகம். பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவை சத்துவம், ரஜஸ், தமஸ் என்று மூன்றாகப் பிரிப்பதை ஆதாரமாகக் கொண்டு, ஆசிரமங்களும் கிருஷ்ண பக்தி இயக்கங்களும் வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கின. இந்த விலக்கு சமய ஒழுக்கம் சார்ந்தது. வைத்தியத்தின் ஆணை என்று சொல்ல முடியாது. 1890-இல் மத்திய ஆசியாவின் கூச்சாவில் கிடைத்த பாவர் சுவடி, ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழைய வைத்தியத் தொகுப்பு. அதன் முதல் பகுதி தொடங்குவதே பூண்டின் பெருமையோடுதான். பூண்டு தியானத்துக்கு ஆகாது என்று ஒருவர் ஒதுக்கலாம். உடம்புக்கு ஆகாது என்று ஆயுர்வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

கோயிலும் சடங்கும் இந்தச் சமையலின் பழைய உருவை அறிய உதவுகின்றன. பூரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் இல்லை. தமிழ் வைதிகக் குடும்பங்களின் திவசச் சமையலில் மிளகாய் கிடையாது, மிளகுதான். வாழைக்காயும் புடலையும் பாகலும் பிரண்டைத் துவையலும் இடம்பெறும். போர்த்துகீசியர் வழி வந்த பொருள்கள் புகுமுன் இந்தச் சைவச் சமையல் எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவர் ஓலைச்சுவடி தேட வேண்டாம், திவசத்து இலையைப் பார்த்தாலே பாதி தெரியும். சம்ஹிதைகளில் பெயரே இல்லாத மிளகாய்க்கும் தக்காளிக்கும் பின்வந்தவர்கள் சுவையையும் வீரியத்தையும் கணித்து இடம் கொடுத்தார்கள். அந்தக் கணிப்பில் ஒருமித்த கருத்து இன்னும் இல்லை.

சுவையை வைத்து மட்டும் கணிப்பது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு மூலநூலிலேயே எடுத்துக்காட்டு உண்டு. புளிப்பு பித்தத்தைக் கூட்டும். நெல்லிக்காயும் மாதுளையும் விதிவிலக்கு. உப்பு கண்ணுக்கு ஆகாது, இந்துப்பு விதிவிலக்கு. திப்பிலி நாக்கில் காரம், செரித்தபின் இனிப்பு. இணையத்தில் பத்துக் கேள்விக்கு விடையளித்து 'நீங்கள் பித்த உடம்பு, புளிப்பைத் தவிருங்கள்' என்று சான்றிதழ் வாங்குபவர் நெல்லிக்காயையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்.

மோர் இன்னும் நல்ல உதாரணம். தயிரை இரவில் உண்ணாதே, சூடாக்காதே என்று கடுமையாகப் பேசும் நூல்கள், அதைக் கடைந்ததும் குரலை மாற்றிக்கொள்கின்றன. ஏட்டோடு நீரின்றிக் கடைந்தால் கோலம். ஏடு நீக்கிக் கடைந்தால் மதிதம். கால் பங்கு நீர் விட்டால் தக்ரம். பாதி நீர் விட்டால் உதஸ்வித். வெண்ணெய் எடுத்து நிறைய நீர் விட்டால் சச்சிகா. பாவப்பிரகாசம் ஐந்துக்கும் ஐந்து குணம் சொல்கிறது. மூலநோய்க்கும் கிரகணி என்ற குடல் நோய்க்கும் தக்ரம் சிறந்த மருந்து என்பது சரகர் காலத்திலிருந்து வரும் முடிவு. மோரில் நீரைப் பெருக்கச் சொல்லும் நம் சித்தர் தேரையரின் மரபும் இதே பக்கம்தான் நிற்கிறது.

தரக்கட்டுப்பாடு இப்போது அரசின் கைக்கும் வந்திருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-இல் 'ஆயுர்வேத ஆகார' விதிமுறைகளை வெளியிட்டது. அங்கீகரித்த மூலநூல்களின் செய்முறையை ஒட்டித் தயாரிக்க வேண்டும்; செயற்கையாக வைட்டமின், தாதுச் சத்துகளைச் சேர்க்கக் கூடாது; இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது என்று விற்கக் கூடாது; தனி முத்திரை இருக்க வேண்டும். போலிகளைத் தடுக்க இது தேவைதான். ஆனால் முத்திரை குத்தக்கூடியது பொருளையும் செய்முறையையும் மட்டுமே. சரகரின் எட்டில் இடம், காலம், உண்ணும் முறை, உண்பவர் ஆகிய நான்கும் கடைக்கு வெளியே நிற்கின்றன. மாம்பலத்துக் கடையில் வாங்கும் அங்காயப் பொடியில் சுண்டை வற்றல் எவ்வளவு, வேப்பம்பூ எவ்வளவு என்று உறையில் அச்சிடலாம். பிள்ளை பெற்று எத்தனையாவது நாள், எத்தனை கவளம், எவ்வளவு நெய் என்பதை இன்றும் அந்த வீட்டுப் பெரியவள்தான் முடிவு செய்கிறாள்.