சாகாவரமும் சிதைந்த உயிரும்: ஹாரி பாட்டர் புதினங்களில் எதிர்த்தலைவனின் இறவாமை வேட்கை

இறவாமையை நாடும் எதிர்த்தலைவன் மிகைப்புனைவு இலக்கியத்துக்குப் புதியவன் அல்லன். ஜே. கே. ரௌலிங் 1997 முதல் 2007 வரை வெளியிட்ட ஏழு ஹாரி பாட்டர் புதினங்களில் இடம்பெறும் வோல்டெமார்ட்டும் அம்மரபினனே. ஏழு மலை, ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையை அறிந்த தமிழ் வாசகர் அவனை எளிதில் இனங்காண்பர். உருசிய நாட்டார் கதையின் கஷ்சேயும் தன் உயிரை ஊசியிலும், ஊசியை முட்டையிலும் மறைத்தவனே. எனினும் ஆய்வு இவ்வொப்புமையோடு நின்றுவிடுமாயின் ரௌலிங் செய்த மாற்றம் புலப்படாது.

நாட்டார் கதையில் உயிர் இடம் மாறுகிறது, உடைவதில்லை. ரௌலிங்கின் புனைவில், உயிரைப் பிளந்தாலன்றி அதனைப் பிறிதொரு பொருளில் மறைக்க இயலாது. கொலையின்றி அதனைப் பிளக்கவும் இயலாது. ஹார்க்ரக்ஸ் எனப்படும் இம்முறை ஆறாம் புதினத்தில் (2005) விளக்கம் பெறுகிறது. நாட்குறிப்பு, மோதிரம், பதக்கம், கிண்ணம், மணிமுடி, பாம்பு என ஆறிடத்தில் உயிர்க்கூறுகளை ஒளித்தவன், எஞ்சிய கூற்றோடு வாழ்கிறான். குழந்தை ஹாரியிடம் தங்கிவிட்ட கூற்றினை அவனே அறியான். உயிரைக் காக்கும் செயலே உயிரை அழிக்கும் செயலாகிறது.

கம்பர் யுத்த காண்டத்தில் பாடிய இரணியனோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு மேலும் தெளிவுறும். இரணியன் பெற்ற வரம் சாவின் வாயில்களை ஒவ்வொன்றாக அடைக்கிறது. அடைபடாத இடைவெளியில் நரசிங்கம் தோன்றுகிறது. அங்கே குறை வரத்தின் எல்லையில் உள்ளது. வோல்டெமார்ட்டின் குறையோ அவன் தேர்ந்த வழியிலேயே உள்ளது.

இவ்வேட்கையின் வேர் அச்சம். தாயிடம் மந்திர ஆற்றல் இருந்திருந்தால் அவள் இறந்திருக்கமாட்டாள் என்று கருதும் ஆதரவற்ற சிறுவனை ஆறாம் புதினம் காட்டுகிறது. சாவு அவனுக்கு இழிவு. இதற்கு மறுதலையாக, முதற்புதினத்தில் நிக்கோலஸ் பிளமெல் நெடுவாழ்வு தரும் கல்லை அழிக்க இசைகிறார். இறுதிப் புதினத்தில் ஹாரி பிறருக்காகச் சாவை எதிர்கொள்கிறான். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானைப் போற்றும் புறநானூற்று 91ஆம் பாடலும் இதே விழுமியத்தைச் சுட்டுகிறது. நெடுவாழ்வை விரும்புதல் குற்றமன்று. பிறர் உயிரை விலையாக்கித் தன்னுயிரை நீட்டிப்பதே குற்றம் என்பது இரு மரபுகளுக்கும் பொதுவாகிறது.

ஆயினும் தொடரின் முடிவு இவ்வறச்சிக்கலை முழுமையாகத் தாங்கவில்லை. சிதைந்த உயிரை ஒன்றிணைக்கக் கழிவிரக்கம் ஒன்றே வழி என நிறுவிய ஆசிரியர், இறுதி மோதலில் அவ்வாய்ப்பை ஹாரியின் வாய்வழியே வழங்கவும் செய்கிறார். அவன் மறுப்பதே துன்பியலின் உச்சமாகியிருக்க வேண்டும். ஆனால் வெற்றி, மந்திரக்கோல் எவருக்கு உரியது என்னும் விதியின்மேல் தீர்மானிக்கப்படுகிறது. அறத்தின் இடத்தை விதிநுட்பம் கைக்கொள்கிறது. இரணியன் கதையில் வரத்தின் இடைவெளி ஆற்றிய பணியை இங்கே கோலின் உரிமை ஆற்றுகிறது. தான் மீறிச்சென்ற பழைய கதைமரபுக்கே ரௌலிங் இறுதியில் திரும்புகிறார். எனினும், சாவை வெல்ல முனைந்தவன் வாழ்வதற்குரிய உயிரையே இழந்தான் என்னும் படிமம் அம்முடிவையும் கடந்து நிலைபெறுகிறது.