விரல் வளர்ந்த அப்பா

நாவலூரில் டோல்கேட் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், சென்ற மாதம் ஒரு நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்குப் போயிருந்தேன். நண்பரின் அப்பா தவறி ஓராண்டு. மேடையில் நான்கடி உயரத்துக்கு ஒரு கேன்வாஸ் படம். வெள்ளை மேகம், மேகத்தின் நடுவில் இயேசு, அவர் தோளில் சாய்ந்தபடி பெரியவர். பல் தெரியச் சிரிக்கிறார்.

பெரியவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். கட்டிங் மெஷினில் இடது ஆள்காட்டி விரலின் இரண்டு கணு போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கணுவால்தான் கோவிலில் பாமாலைப் புத்தகத்தின் பக்கத்தைத் தள்ளுவார். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. படத்தில் இயேசுவின் மார்பில் பதிந்திருக்கும் அந்தக் கையில் ஐந்து விரலும் நகத்தோடு முழுசாக இருந்தன.

“அண்ணா, அப்பா சிரிச்சா எப்படி இருப்பார்னு இப்பத்தான் நாங்களே பாக்குறோம்” என்றார் நண்பர். கண் கலங்கியிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா வெகுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமென்று இல்லாமல், “விரல் வளந்துடுச்சு” என்றார். அது சந்தோஷமா குறையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை இப்போது இதுதான் வழக்கம். முன்பு போட்டோஷாப் தெரிந்த ஸ்டூடியோக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டுவார். இப்போது ஏஐ செயலி இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறது. சி.எஸ்.ஐ. வீடென்றால் இயேசு, கத்தோலிக்க வீடென்றால் பக்கத்தில் மாதாவும். கொஞ்சம் கூடச் செலவழித்தால் அப்பா கண் சிமிட்டுவார், இயேசு நடந்து வந்து கைபிடித்துக் கூட்டிப்போவார். கூடவே அம்மாவின் முழங்கால் ஜெபத்தைப் பற்றி ஒரு பாட்டு; வடபழனியில் பதிவு, யூடியூபில் வெளியீடு.

ஆராதனையை நடத்திய இளம் போதகர் பிரசங்கத்திலேயே இதற்கு வக்காலத்து வாங்கினார். பிள்ளைகள் பெற்றோரைப் பற்றிய ஐந்தாம் கட்டளையைக் கலையால் நிறைவேற்றியிருக்கிறார்கள் என்றார். விரலைப் பற்றி அவர் காதில் யாரோ போட்டிருக்க வேண்டும். உயிர்த்தெழும் சரீரத்தில் குறை இருக்காது, ஆகவே படம் வேதத்துக்கு ஒத்ததே என்றும் சேர்த்துக்கொண்டார். பிரியாணி சாப்பிட்டு வீடு திரும்பிய பிறகும் அந்த வாதம் எனக்குச் செரிக்கவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் இருப்பவருக்கு எது ஆறுதலோ அதைத் தட்டிப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. வாக்காளர் அட்டையைத் தவிர அம்மாவுக்கு வேறு படமே இல்லாத வீடுகள் நம் புறநகரில் நிறைய. அந்த மங்கல் சதுரத்திலிருந்து ஒரு முகத்தை மீட்டுத் தரும் கருவியை நான் பழிக்கமாட்டேன். உயர்த்திப் பாடுவதும் நமக்குப் புதிதில்லை. நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத சூசையப்பரைத் தலைவராக்கி வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3,615 பாடல் பாடினார். ஆனால் காப்பியம் தன்னைக் காப்பியம் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அதில் சூசையப்பர்மேல் பூமாரி பொழிந்தால் யாரும் வானிலை மையத்தைக் கேட்பதில்லை. இந்தக் கேன்வாஸோ போட்டோ வேடத்தில் வருகிறது. பத்து வருடம் கழித்துப் பேரன் இதைத்தான் தாத்தாவின் போட்டோ என்று எடுத்துக் காட்டுவான்.

போதகர் சொன்ன கட்டளைக்கு வருவோம். எங்களுக்கு ஐந்தாவது, கத்தோலிக்கருக்கும் லுத்தரன்காரர்களுக்கும் நான்காவது. வரிசையில்தான் பிணக்கு, பொருளில் இல்லை. தமிழ் வேதாகமத்தில் அதற்கு விழுந்திருக்கும் சொல் கனம்பண்ணுதல். எபிரேயத்தில் அந்த இடத்தில் உள்ள சொல்லுக்கும் வேர் எடைதான். மொழிபெயர்த்தவர்கள் மதி, போற்று, வணங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கனத்தைப் பிடித்தார்கள். கட்டளை கேட்பது பெற்றோரின் பாரத்தை ஒப்புக்கொள்ள என்றுதான் நான் படிக்கிறேன். இந்தப் படங்கள் முதல் வேலையாக அந்தப் பாரத்தைத்தான் இறக்கி வைக்கின்றன. மேகத்தில் நிற்பவருக்கு ஏது எடை?

கனத்தைப் பற்றி நம் பகுதிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்நாக் இறந்ததும் அவருக்குக் கல்லறை எழுப்பியவர் மருமகன் சார்லஸ் அயர். அந்தக் கல் போனது இந்தப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. 1893-இல் நிலவியலாளர் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்நாக்கைட் என்று பெயர் வைத்தார். ஒரு மருமகன் மாமனாருக்குச் செய்த மரியாதை, நம் மலையின் பாறைக்குப் பெயராகித் திரும்பி வந்தது. கப்பலில் ஏற்றிக் கரையில் இறக்கி எத்தனை பேர் தோள்கொடுத்திருப்பார்கள்! சார்நாக் நல்லவரா என்பது வேறு கேள்வி. அந்த மரியாதைக்கு எடை இருந்தது.

எடையுள்ள கல்லும் பொய் சொல்லும் என்பதை மறைக்க மாட்டேன். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் கட்டிய ஆலயத்தில், மிஷனரி சுவார்ட்ஸுக்கு இரண்டாம் சரபோஜி வைத்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. தஞ்சை மன்னர் துளஜா தன் தத்துப்பிள்ளை சரபோஜியை இந்தப் பாதிரியாரின் பொறுப்பில்தான் விட்டுப்போனார். பிள்ளை அரசனாகி, கடைசிவரை இந்துவாகவே இருந்து, தன்னை வளர்த்த கிறிஸ்தவருக்கு லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு நினைவுச் சின்னம் செய்வித்தான். பெற்றோரைக் கலையால் கனம்பண்ணிய கதைகளில் இதைவிட நேர்த்தியானது நம்மிடம் இல்லை. சிற்பத்தில் சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்கிறார், அரசன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், மாணவச் சிறுவர்கள் நிற்கிறார்கள். ஃபிளாக்ஸ்மன் தஞ்சாவூரையே பார்த்தவரில்லை. இருந்த இடத்திலிருந்து, பார்க்காத மரணத்தை, அழகாக அடுக்கிவைத்தார். ஏஐ செய்வதும் இதைத்தானே என்று போதகர் கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் அங்கே உழைத்து மெலிந்த ஒரு கிழவர் சாகிறார். சாவை யாரும் துடைத்து எடுக்கவில்லை.

அதே சுவார்ட்ஸிடம் வளர்ந்த இன்னொரு பிள்ளை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சரபோஜியின் அவைப்புலவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அவர் பாடல்களைப் பாடி ஊழியம் செய்து வந்திருக்கிறது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதையில் இதற்கு நிகர் உண்டா? தாத்தாவின் படத்துக்கு மாலை போடாமல் தாத்தாவின் குரலையே எடுத்துப் பாடுகிறார்கள். அவ்வளவு பெருமையோடு பேசும்போதும் நம் சபைகள் ஒன்றை விழுங்கிவிடும். 1820களில், சாதி பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வேண்டும் என்று புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். நினைவுக் கூட்டங்களில் குறவஞ்சி வரும், கீர்த்தனை வரும், இது வராது. இதுவும் ஒரு வெட்டுப்பட்ட விரல்தான். ஒட்டி வளர்த்துவிட்டோம். அவர் மறுப்பைத் தெரிந்துகொண்டே அவர் கீர்த்தனையைப் பாடுகிறவன்தான் அவரை முழுக் கனத்தோடு ஏந்துகிறான் என்பேன். தெரியாமல் பாடுகிறவன் ஏந்துவது தன் வசதிக்குச் செய்துகொண்ட ஒரு தாத்தாவை.

யூடியூப் பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா அம்மாவும் விடியற்காலை நாலு மணிக்கு முழங்காலில் நிற்கிறார். எல்லா அப்பாவும் வேர்வை சிந்துகிறார். பெயரை மாற்றினால் எதிர்வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். அளவெடுக்காமல் தைத்த ரெடிமேட் சட்டை. பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்துப் பாடியதாக வழங்கும் பாட்டுகளை இவர்கள் ஒருமுறை படிக்கலாம். ஊரையே விட்டுப் போன துறவி, அங்கே தாயின் கை செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்.

விசுவாசமும் கலையும் சேர்ந்தால் இப்படித்தான் இனிப்பாகும் என்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு கரிக்கட்டிப் படம். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514 மார்ச்சில் தன் அம்மா பார்பராவை வரைந்தார். அம்மாவுக்கு 63 வயது. பதினெட்டுப் பிள்ளை பெற்று, பெரும்பாலானவற்றைப் புதைத்தவள். தலையில் இறுக்கிய துணி, நெற்றியில் உழவு சால்போல் சுருக்கம், ஒரு கண் ஒருபக்கம் ஒதுங்கி நிற்கிறது. கழுத்து நரம்பு புடைத்து, காறை எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் தேவதூதன் இல்லை, மேகம் இல்லை. இவர் பீடத்துக்கான படங்களை வரைந்து கைதேர்ந்தவர். நினைத்திருந்தால் அம்மாவைக் கன்னிமரியின் காலடியில் உட்கார்த்தியிருக்கலாம். செய்யவில்லை. இரண்டு மாதத்தில் அவள் இறந்துபோனாள். மகன் அந்தத் தாளிலேயே அதையும் குறித்து வைத்தார். அம்மா ஓயாமல் கோவிலுக்குப் போவாள், தப்புச் செய்தால் தன்னைக் கடிந்துகொள்வாள் என்றும் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார். கடிந்துகொண்டதைச் சொல்லிக் கனம்பண்ணுகிறார் பாருங்கள்.

புனித அகுஸ்தீனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவர் அம்மா மோனிக்காள் சபை கொண்டாடும் புனிதை. மகன் தன் வாழ்க்கையை எழுதும்போது, அவள் சின்னப்பெண்ணாக இருக்கையில் பீப்பாயிலிருந்து திருட்டுத்தனமாகத் திராட்சை மது குடித்துப் பழகியதையும், ஒரு வேலைக்காரி குத்திக்காட்டிய பிறகு அதை விட்டதையும் எழுதிவைத்தார். அது அவளைச் சிறுமைப்படுத்தவில்லை. நம் நினைவு மலர் ஒன்றில் “எங்கள் அம்மா சீட்டுக்கட்டு ஆடுவாள்” என்று ஒரு வரி அச்சேறட்டும், இந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் ரசனைச் சிக்கல்தானே, ஏன் இத்தனை கோபம் என்று மனைவி கேட்டாள். ரசனையோடு நிற்கவில்லை என்பதுதான் என் பயம். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு சாடும் இடம் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் உண்டு. கலையும் கொர்பான் ஆகலாம். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக, பிள்ளைகள் கடல்கடந்து போய்விட, மாடிக் குடியிருப்புகளில் இரண்டு கிழங்கள் மட்டும் இருக்கிற வீடுகளை எண்ணிப் பாருங்கள். முதியவரின் உண்மையான கனம் என்பது ராத்திரி மூன்று மணிக்குக் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துப் போகும்போது தோளில் ஏறும் கனம். ஒரே கதையை நாற்பதாம் தடவை கேட்கும் கனம். அதைத் தூக்காதவர்களுக்குத்தான் மேகம் அதிகம் தேவைப்படுகிறது என்று எழுதக் கை வருகிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது. என் நண்பர் அப்பாவைக் கடைசி எட்டு மாதம் தன் கையால் குளிப்பாட்டியவர். குளிப்பாட்டிய கைக்குத் தெரியாதா அந்த மழுங்கிய கணு? தெரிந்தும் ஏன் இந்தப் படம் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மகிமையின் சரீரத்தில் குறை இருக்காது என்ற போதகர் வாதத்துக்கு, எங்கள் ஊர் அப்போஸ்தலரையே சாட்சிக்கு அழைக்கிறேன். நாவலூரிலிருந்து வண்டியில் போய்விடும் தூரத்தில் பரங்கிமலை. தோமா உயிர்விட்டதாக நாம் நம்பும் இடம். 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய கோவில் உச்சியில். இந்தத் தோமா என்ன கேட்டார்? ஆணித் தழும்பைக் கேட்டார். விரலை அதில் இட வேண்டும் என்றார். உயிர்த்தெழுந்தவர் தழும்போடுதான் வந்து நின்றார். சாவை ஜெயித்த உடம்பில் அந்த ஓட்டைகள் மூடப்படவில்லை. கர்த்தருக்கே காயம் அடையாளம் என்றால், பைண்டருக்கு மட்டும் ஏன் புது விரல்? நாற்பது வருடம் வேதப்புத்தகத்தைத் தைத்து அட்டை போட்ட கை அது. மகிமை ஏதாவது இருந்தால் அந்தக் கணுவில்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன், கொஞ்சம் நயமாகவே. அவருக்கும் அம்மா சொன்ன வார்த்தை உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. போன சனிக்கிழமை இருவருமாக, படத்தைச் செய்துகொடுத்த கடைக்குப் போனோம். விரலை மட்டும் பழையபடி ஆக்கித் தரச் சொன்னார். கடைப்பையன் தட்டிப் பார்த்தான். ஒருமுறை ஐந்து விரல் வந்தது. மறுமுறையும் ஐந்து. அடுத்த தடவை ஆறு. வெட்டுப்பட்ட விரல் என்று இங்கிலீஷில் அடித்துக் கேட்டதற்கு, கையுறை மாட்டிவிட்டது. இதுவரை குறைத்துத் தரச் சொல்லி யாரும் வந்ததில்லை என்றான். பிறகு அவனே ஒரு யோசனையும் சொன்னான்:

“விடுங்க சார், கையில ஒரு பைபிளக் குடுத்துடலாம். விரலே தெரியாது.”