கசந்த அரிசியும் பெண்ணின் தெரிவும்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் இத்தாலியில் முகிழ்த்த நவயதார்த்தவாதத் திரைப்படங்களுள் ஜுசெப்பே த சாந்திஸின் ‘கசந்த அரிசி’ (1949) ஊவாத் தோட்டங்களை அறிந்தோர்க்கு அந்நியமானதன்று. வட இத்தாலிய வயல்களிற் களை பிடுங்கவும் நாற்று நடவும் ஆண்டுதோறும் இரயிலேறி வரும் கூலிப் பெண்களின் கதை அது. ஒப்பந்தம் பெற்றோரும் பெறாதோரும் முதலில் மோதுகின்றனர். பின்னரே தம் நலன் ஒன்றெனக் காண்கின்றனர்.

இப்பெண்களுள் இருவரின் பாதைகள் எதிரெதிராகச் செல்கின்றன. காதலன் வால்டருக்காகக் கழுத்தணி திருடிய பணிப்பெண் பிரான்செஸ்கா, உழைப்பின் வழியே தோழமையை அடைகிறாள். களத்திற் பிறர்க்கு முன்னிற்கும் சில்வானாவோ படக்கதை இதழ்களும் அமெரிக்க நடனமும் ஊட்டிய கனவில் அக்கழுத்தணியையும் வால்டரையும் நாடுகிறாள். அவனது அரிசித் திருட்டுக்குத் துணையாக மடையைத் திறந்து வயலை மூழ்கடிக்கிறாள். அணியோ போலி. அவனைச் சுட்டுவிட்டுத் தானும் உயரத்திலிருந்து குதித்து மாள்கிறாள். உடன் உழைத்த பெண்கள் தம் கூலி அரிசியில் ஒவ்வொரு பிடியை அவளுடல்மேல் இடுகின்றனர்.

படத்தின் சிற்றின்பக் கவர்ச்சி வர்க்க உண்மையை மறைப்பதாக அன்றைய இத்தாலிய இடதுசாரி விமர்சகர் சிலர் கண்டித்தனர். நாயகியின் உடலைப் படம் விற்பனைப் பண்டமாக்குகிறது என்ற அளவில் அது நியாயமே. ஆயின் அவளது ஆசையையே குற்றமெனக் கொள்ளுதல் மார்க்சிய நோக்காகாது. நாற்பது நாட் கூலிக்கு அப்பால் வாழ்வொன்றை விரும்பியவளுக்குச் சந்தை போலி அணியைக் காட்டியது; இயக்கம் எதனைக் காட்டிற்று என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

இவ்வினா எமக்கும் உரியது. 1940இற் பதுளையின் வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர், தாம் தெரிவுசெய்த குழுவைத் துரை கலந்தாலோசிக்க வேண்டுமெனப் போராடி வென்றனர். கூட்டுத் தெரிவின் வலிமைக்கு அது சான்று. எனினும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இலேயே கிட்டியது. இன்று அவள் மகள் கொழும்பு ஆடைத் தொழிற்சாலைக்கோ மேற்காசிய வீட்டுவேலைக்கோ புறப்படுகையில், மினுக்க ஆசைப்பட்டவள் எனத் தூற்றும் குரல் சில்வானாவைக் கண்டித்த குரலின் எதிரொலியே. லயத்து அறையையும் நாட்சம்பளத்தையும் விடுத்து அவளது தெரிவை மதிப்பிடல் இயலாது.

பிடி அரிசி தோழமையின் உன்னதச் சின்னமே. ஆனால் அது சில்வானா இறந்த பின்னரே வந்து சேர்ந்தது. உயிரோடிருப்பவளின் கனவையும் தன் கோரிக்கையாக ஏற்கும் இயக்கமே முற்போக்கானதென்பது எம் துணிபு.