புர்டா ஸ்டைல்: இலையுதிர் கால இதழ்களும் பேட்டர்ன் தாளும்

ஜெர்மனியிலிருந்து வரும் 'புர்டா ஸ்டைல்' தையல் இதழின் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் இதழ்கள் இலையுதிர் காலத்துக்கானவை. கோட், ஜாக்கெட், கம்பளிப் பாவாடை, கார்டுராய் பேன்ட், முழுக்கை கவுன் என்று அந்தக் காலத்துக்கு வேண்டிய எல்லாம் இவற்றில் வந்துவிடும். அச்சின் தரம், படங்களின் அழகு, மாடல்களின் எண்ணிக்கை பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பருவம் முழுக்க இந்த இதழ்களை மட்டும் வைத்துக்கொண்டு தைப்பவருக்கு அவற்றின் பலம், பலவீனம் இரண்டும் தென்படுவது ஒரே இடத்தில்தான்: இதழோடு சேர்ந்து வரும் பேட்டர்ன் தாள்.

தாளைப் பிரிக்கும் முன் எதைத் தைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு முன்பக்க வண்ணப்படங்களை நம்பக்கூடாது. மாடல் பெண் காற்றில் திரும்பி நிற்பார், கை பாக்கெட்டுக்குள் இருக்கும், இடுப்பில் பெல்ட் இறுகியிருக்கும். தோள் எங்கே விழுகிறது, பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் மறைந்துபோகும். செய்முறைப் பகுதியில் அதே உடையின் கோட்டோவியம் சின்னதாக, கறுப்பு வெள்ளையில், முன்னும் பின்னுமாக இருக்கும். உண்மையான உடை அதுதான். தையல் எத்தனை, டார்ட் எங்கே, பித்தான் எத்தனை, கை ஒரே துண்டா இரண்டு துண்டா என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும். இதழ் ஒவ்வொரு மாடலுக்கும் கொடுக்கும் புள்ளிக் குறி, தைப்பதன் கடினத்தைச் சொல்வது. உடுத்த வசதியா என்பதை அது சொல்லாது.

உடுத்த ஏற்றதா என்பதை மத்திய ஐரோப்பிய இலையுதிர் காலத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். காலையில் குளிர், மதியம் இதமான வெயில், சாயங்காலம் தூறல் என்று ஒரே நாளில் மூன்று பருவம் வந்துபோகும் காலம் அது. ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றும் உடைதான் நிற்கும். முக்கால் கை வைத்த கோட் படத்தில் கண்ணைப் பறிக்கும். அக்டோபர் மாதப் பேருந்து நிறுத்தத்தில் மணிக்கட்டு விறைத்துப்போகும். காலர் இல்லாத ஜாக்கெட்டுக்குத் தனியாக ஸ்கார்ஃப் வேண்டும். ஒற்றைப் பித்தானில் மூடும் அகலமான கோட், காற்றடித்தால் திறந்துகொள்ளும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால், ஓர் இதழில் கடைசியில் நிற்பவை சிலதான். அந்தச் சிலவற்றில் இந்த இதழ் அநேகமாக ஏமாற்றுவதில்லை. கழுத்துவரை மூடும் காலர், உள்ளே ஸ்வெட்டர் அடங்கும் ஆர்ம்ஹோல், கை நுழையும் பாக்கெட் என்று அடக்கமான ஒரு கோட்டாவது ஒவ்வொரு பருவத்திலும் வந்துவிடும்.

ஆஃபன்பர்க் நகரில் பிறந்த ஏன்னெ புர்டா 1950 ஜனவரியில் 'புர்டா மோடன்' என்ற பெயரில் இந்த இதழைத் தொடங்கியபோது 1,00,000 பிரதிகள் அச்சாயின. பேட்டர்ன் 1952இல்தான் வந்து சேர்ந்தது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் கடையில் புதுக் கோட் வாங்க வசதியில்லாத பெண்கள், நாகரிகமான ஒன்றைத் தாங்களே தைத்துக்கொள்ள அது வழிசெய்தது. 1987இல் இதழ் ரஷ்ய மொழியில் சோவியத் யூனியனுக்குள் போனபோதும் அங்கிருந்த பெண்களுக்கு வேண்டியிருந்தது படங்கள் மட்டுமல்ல, அந்தத் தாள்.

அந்தத் தாளின் இன்றைய நிலைதான் பெரிய குறை. பெரிய தாள்களில் இரண்டு பக்கமும் அச்சிட்டு, இதழில் உள்ள அத்தனை உடைகளின் துண்டுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று நிறத்துக்கு நிறம் வேறு மாடல்கள். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் அளவுக்கு ஒரு கோடு: ஒன்று முழுக்கோடு, ஒன்று நீளப் புள்ளிக்கோடு, ஒன்று குட்டைப் புள்ளிக்கோடு. ஒரு பெருநகரத்தின் எல்லாப் பேருந்துத் தடங்களையும் ஒரே வரைபடத்தில் அடைத்தது போல இருக்கும். முதல் முறை விரித்துப் பார்ப்பவர் அப்படியே மடித்து வைத்துவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

துண்டைத் தேட ஒரு முறை உண்டு. அதைக் கடைப்பிடித்தால் பாதிச் சிக்கல் தீரும். செய்முறையில் மாடலுக்கான தாள், நிறம், துண்டு எண்கள் கொடுக்கப்பட்டிருக்கும். தாளின் விளிம்பில் அதே நிறத்தில் அதே எண் இருக்கும். அங்கிருந்து விரலை நேராக உள்ளே கொண்டுபோனால் அந்தத் துண்டு கிடைக்கும். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பதால் தாளை வெட்ட முடியாது; தன் அளவின் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போய் வேறு தாளில் பிரதி எடுக்க வேண்டும். சந்திப்புகளில்தான் ஆபத்து. கோட்டின் முன்துண்டில் தோளிலிருந்து ஆர்ம்ஹோல் வளைந்து இறங்கும் இடத்தில் அளவுக்கோடுகள் நெருங்கிக் கிட்டத்தட்ட ஒட்டிவிடும். அதே இடத்தைப் பச்சையில் ஒரு பேன்ட்டின் பக்கத்தையலும் கறுப்பில் ஒரு சட்டையின் காலரும் வெட்டிப்போகும். அங்கே 38இல் தொடங்கியவர் தன்னையறியாமல் 40இல் வெளியே வருவார். தைக்கும்வரை இது தெரியாது. தைத்தபின் கை பொருந்தாது.

இதைத் தவிர்க்க, பிரதி எடுக்கும் முன் தன் அளவின் கோட்டைத் தாளின் மேலேயே மஞ்சள் ஹைலைட்டரால் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. பிரதி எடுக்க ஜெர்மனியில் பலரும் பயன்படுத்துவது, சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது தரையில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கீழே உள்ள கோடு தெளிவாகத் தெரியும், மலிவு, கிழியாது. அழியாத மார்க்கர் மட்டும் வேண்டும். டிஷ்யூ பேப்பர் பென்சிலுக்கு ஏற்றது, ஆனால் கோடுகளை மங்கலாக்கும். டிரேசிங் வீல் ஓட்டினால் தாளே ஓட்டை விழுந்து அடுத்த முறைக்கு ஆகாது. வேலையைப் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் நீலமும் பச்சையும் ஒன்றாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியபின் ஐரோப்பாவில் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். இலையுதிர் காலக் கோட்டின் பேட்டர்னை அதற்கு முன்பே பிரதி எடுத்துவிட வேண்டும்.

வெளிக்கோட்டோடு வேலை முடியாது. நீள இழையின் அம்புக்குறி, டார்ட், பாக்கெட்டின் இடம், கையில் உள்ள குறுக்குக்கோடு எல்லாம் பிரதியில் வர வேண்டும். உள்பட்டி பெரும்பாலும் தனித்துண்டாக இருக்காது. முன்துண்டுக்குள்ளேயே ஒரு கோடாக இருக்கும், அதை இன்னொரு முறை தனியாக எடுக்க வேண்டும். ஓரங்களில் உள்ள சின்ன எண்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே எண் உள்ள இரண்டு ஓரங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பது அவற்றின் பொருள். இதழின் செய்முறை படமில்லாத, இறுக்கமான வாசகம். ஒவ்வோர் இதழிலும் ஒரு மாடலுக்கு மட்டும் படம் போட்ட பாடம் கிடைக்கும். மற்றவற்றுக்கு அந்தச் சின்ன எண்கள்தான் படம். அவற்றை எடுக்காமல் விட்டவருக்குக் காலர் பொருத்தும் பத்தி புரியவே புரியாது.

அடுத்து, பலருக்கும் கோபம் வரும் விஷயம்: தாளில் இருப்பது வெறும் தையல் கோடு. தையலுக்கு விட வேண்டிய துணி அதில் சேரவில்லை. தையலுக்கு 1.5 செ.மீ., கீழ்மடிப்புக்கு 4 செ.மீ. என்று வழக்கமாகச் சொல்வதை வெட்டுபவர்தான் சேர்க்க வேண்டும். இது பிரசுரத்தின் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. இலையுதிர் காலத் துணிகளோடு பழகினால் இதுவே இந்த இதழின் மிகப் பெரிய நன்மை என்று தெரியும். இழை பிரியும் ட்வீடுக்கு 2 செ.மீ. விட்டால்தான் நிம்மதி. நனைத்து இறுக்கிய கம்பளிக்கு இழை பிரியாது. ஓரங்களைத் திறந்தே விடலாம், விளிம்பில் கூடுதல் துணியே வேண்டாம். தடித்த காலருக்கு உள்துண்டு ஒரு நூலளவு சிறியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவைத் தாளிலேயே அச்சடித்திருந்தால் இந்தத் தேர்வுகள் எதுவும் இருக்காது. அதோடு, தையல் கோடு வெறுமையாக இருப்பதால் அதன் மேல் டேப் வைத்து நேரடியாக அளக்கலாம். வீட்டில் வசதியாக இருக்கும் பழைய கோட்டின் மார்புச் சுற்றளவோடு ஒப்பிட்டால், வெட்டும் முன்பே லூஸ் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

அளவு எடுப்பதில் கடையின் எண்ணை மறந்துவிட வேண்டும். கோட்டுக்கும் மேல்சட்டைக்கும் மார்பளவு, பேன்ட்டுக்கு இடுப்புக்குக் கீழ் உள்ள அகல அளவு. 38 என்றால் மார்பு 88 செ.மீ., 40 என்றால் 92 செ.மீ. உள்ளே ஸ்வெட்டர் போடுவோமே என்று கோட்டுக்கு ஓர் அளவு கூட்டி எடுக்கக்கூடாது. கோட்டுக்கு வேண்டிய லூஸ் பேட்டர்னில் ஏற்கெனவே இருக்கிறது, கூட்டினால் தோள் கீழே இறங்கிவிடும். வழக்கமான அளவுகள் 168 செ.மீ. உயரத்துக்கு வரையப்பட்டவை. குள்ளமானவர்களுக்கென்று 160 செ.மீ. உயரத்துக்கும், நெட்டையானவர்களுக்கென்று 176 செ.மீ. உயரத்துக்கும் தனி அளவுகள் அவ்வப்போது வரும். அவை வராத மாடலில் அந்த 8 செ.மீ.யை அடிவிளிம்பில் மட்டும் குறைத்தால் இடுப்பும் பாக்கெட்டும் தப்பான இடத்தில் நிற்கும். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் கொஞ்சம், இடுப்புக்குக் கீழே கொஞ்சம், கையில் முழங்கைக்கு அருகில் கொஞ்சம் என்று மடித்துக் குறைக்க வேண்டும். நல்ல கம்பளியில் கத்தரி வைக்கும் முன் காடாத் துணியில் ஒருமுறை கூட்டித் தைத்து, உள்ளே ஸ்வெட்டர் போட்டு, கையை முன்னால் நீட்டிப் பார்ப்பது கட்டாயம்.

துணியைத் தயார் செய்வதை இதழ் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. கம்பளியை வெட்டும் முன் ஈரத்துணி போட்டு ஆவியில் இஸ்திரி போட்டுச் சுருங்க வைக்க வேண்டும். கார்டுராயில் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் தலைவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கால் கருத்தும் ஒரு கால் வெளுத்தும் தெரியும். இதனால் துணி அதிகம் பிடிக்கும். முன்துண்டுக்கும் காலருக்கும் ஒட்டுக் கேன்வாஸ் போடாத கோட் ஒரே மழையில் தொங்கிவிடும். தடித்த துணிக்கு 90 அல்லது 100 எண் ஊசி, நீளமான தையல்.

தாளைக் கண்டு மலைப்பவருக்கு வேறு வழிகளும் உண்டு. அதே நிறுவனம் உறையில் விற்கும் பேட்டர்னில் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும், ஆனால் ஓர் உடைக்குத்தான் ஆகும். பிடிஎஃப் வாங்கி அச்செடுத்தால் ஒரு கோட்டுக்கே கட்டுக்கட்டாக ஏ4 தாளை ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுகளில் வரும் பிசகு, பிரதி எடுப்பதில் வரும் பிசகைவிடக் குறைவில்லை. பின்லாந்தின் 'ஓட்டோப்ரே' இதழிலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டித்தான் போகின்றன. வருடத்துக்கு ஒரே ஒரு கோட் தைப்பவர் உறைப் பேட்டர்னை வாங்குவது நல்லது. பருவம்தோறும் பாவாடை, பேன்ட், ஜாக்கெட் என்று தைப்பவருக்கு இந்த இதழ் கொடுக்கும் மதிப்பை வேறெதுவும் கொடுப்பதில்லை. நிறுவனம் இன்னும் ஒரு தாளைக் கூட்டிக் கோடுகளைப் பிரித்துப் போட்டால், குறை என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

பிரதி எடுத்த துண்டுகளை வேலை முடிந்ததும் தூக்கிப் போடக்கூடாது. ஒவ்வொரு துண்டின் மேலும் இதழின் மாதம், வருடம், மாடல் எண், அளவு, செய்த மாற்றம், தையலுக்குத் துணி சேர்த்ததா இல்லையா என்பதை எழுதி, கோட்டோவியத்தின் நகலோடு ஓர் உறையில் போட்டு வைக்க வேண்டும். பிளாஸ்டிக் துண்டுகளை மடிக்காமல் சுருட்டி வைத்தால் அடுத்த செப்டம்பரில் அதே கோட்டை வேறு துணியில் வெட்டலாம்.