தியத்தலாவைச் செம்மண்ணில் பந்தயக் கோடு

ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை, ஹப்புத்தளை வழியே சென்றடையும் தியத்தலாவையில், 1993ஆம் ஆண்டு இலங்கை இராணுவ அக்கடமி தொடங்கிவைத்த ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் காரோட்டப் போட்டி, தார்ப் பாதைக்கென வகுக்கப்பட்ட ஒரு கொள்கை செம்மண்ணில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஆராய உகந்த களமாகும். வளைவைக் கடக்கையில் கார் பற்றிச் செல்லும் தடமே பந்தயக் கோடு எனப்படுகிறது. வெளிவிளிம்பிலிருந்து நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளிவிளிம்பை நோக்கி வெளியேறுவது அதன் பாடநூல் வடிவம். இவ்வாறு செலுத்தும்போது திருப்பத்தின் ஆரம் பெரிதாகிறது. டயரின் பிடிப்பு மாறாதிருப்பின், ஆரம் இரட்டிக்கும்போது தாங்கக்கூடிய வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது.

இக்கணக்கு பிழையற்றது; ஆனால் அது தனித்து நிற்கும் ஒரு வளைவுக்கே பொருந்தும். வளைவுக்கு அப்பால் நீண்ட நேர்பாதை காத்திருப்பின், தேர்ந்த சாரதி நுழைவில் வேகத்தை விட்டுக்கொடுத்து, உள்விளிம்பைச் சற்றுத் தாமதமாகத் தொட்டு, ஸ்டியரிங் நிமிரும் கணத்திலேயே எக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். பின்னால் வருபவர் முந்த முயன்றால், மெதுவானதென்று தெரிந்தே உட்புறத்தை அடைத்துக்கொள்கிறார். நுவரெலியாவில் 1934 முதல் நடைபெற்றுவரும் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டியில் கார்கள் தனித்தனியே நேரத்தை எதிர்த்து ஓடுவதால் இத்தற்காப்பு உத்திக்கு இடமில்லை. தியத்தலாவையிலோ கார்கள் கூட்டமாகப் பாய்கின்றன.

அங்கே மண்ணும் ஓயாது மாறிக்கொண்டிருக்கிறது. முன்னே செல்லும் கார்கள் தளர்ந்த சரளையைத் தடத்திலிருந்து வெளிப்புறம் ஒதுக்கிவிடுவதால், பாடநூல் காட்டும் வெளிவிளிம்பு பிடிப்பில்லாத மேடாகிறது. எழும் புழுதி, தொடவேண்டிய உள்விளிம்பையே மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கோட்டைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் திறனே இங்கு வெற்றியைத் தீர்மானிக்கிறது.

எனினும் பந்தயக் கோட்டின் பெருங்குறை வேகம் சார்ந்ததன்று. பாதையின் கடைசி அடிவரை பயன்படுத்தும் கோடு, தவறுக்கென எதையும் மிச்சம் வைப்பதில்லை. பிடிப்பு நழுவிய கார் பெரும்பாலும் வெளிப்புறமாகவே பாய்கிறது. 2024 ஏப்ரல் 21 அன்று இப்போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர், 20க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அத்துயரத்தை எந்தவொரு சாரதியின் கோட்டுத் தெரிவின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும் வளைவின் வெளிப்புறத்தில், தடுப்புக்கும் இடைவெளிக்கும் அப்பாலன்றி மக்களை நிற்கவிடும் எந்த ஏற்பாடும் ஏற்கத்தக்கதன்று. கோட்டை வகுப்பவர் சாரதி மட்டுமல்லர், திடலை அமைப்பவரும்தான்.

பந்தயத் திடலுக்கு வெளியே, பொதுப் பாதையிலுள்ள பெரகலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இக்கோட்டை முழுதாகப் பின்பற்றுவது நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே வரும் கொழுந்து லொறியின் பாதையில் நுழைவதாகும். நுழையுமுன் வேகத்தைக் குறைக்கும் முதற்பாதி மட்டுமே அங்கு பயன்படும்.