கரையேறிய பின் எழுதியவர்கள்

1826ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், நம் நாட்டை ஆள்வதற்கான கடிதங்களை வரைந்துகொண்டிருந்த 20 வயது இளைஞர் ஒருவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். தான் பாடுபடும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நொடியே நிறைவேறிவிட்டால் தனக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? உண்டாகாது என்று உள்ளிருந்து பதில் வந்தது. ஜான் ஸ்டூவர்ட் மில் அன்று இடிந்துபோனார். மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் தந்தையிடம் கற்கத் தொடங்கிய அந்த மேதை, மாதக்கணக்கில் வேலைக்குப் போனார், வந்தார். எதுவும் மனதில் ஒட்டவில்லை. கடைசியில் அவரை அசைத்தது ஒரு புத்தகம். பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்தெல்லின் நினைவுக்குறிப்புகளில், தந்தையை இழந்த வீட்டில் சிறுவன் ஒருவன் இனி எல்லோருக்கும் நானே துணை என்று உணர்கிற இடம் வருகிறது. அதை வாசித்தபோது மில்லுக்குக் கண்ணீர் வந்தது. அழ முடிகிறது என்று தெரிந்ததுமே பாரம் குறையத் தொடங்கியது.

ஒருவரின் நினைவுக்குறிப்பு இன்னொருவரை மனச்சோர்விலிருந்து மீட்டதற்கு இவ்வளவு துல்லியமான பழைய சாட்சியம் வேறொன்றை நான் வாசித்ததில்லை. ஆனால் மில் இதை அன்றே எழுதிவிடவில்லை. தன்வரலாற்றின் முதல் வரைவை அவர் எழுதியது 1853-54இல். அப்போது அவருக்கு 47 வயது. அச்சில் வந்தது அவர் இறந்த 1873இல். 20 வயதில் பட்டதைச் சொல்ல நடுவயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள். மனச்சோர்வு பற்றி வந்த நல்ல நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை நோயின் நடுவில் எழுதப்பட்டவை அல்ல என்பது தெரிகிறது. கரையேறிய பின், ஈரம் காய்ந்த பின் எழுதப்பட்டவை அவை.

டால்ஸ்டாயின் 'ஒப்புதல் வாக்குமூலம்' தமிழ் வாசகர்கள் பலர் அறிந்ததுதான். 'அன்னா கரீனினா' முடிந்து, புகழும் நிலமும் பிள்ளைகளும் நிறைந்திருந்த 50 வயதில், வாழ்வதற்கு ஒரு காரணமும் இல்லையே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1882இல் ரஷ்யத் தணிக்கை அந்நூலைத் தடுத்தது. இரண்டாண்டுகள் கழித்து ஜெனீவாவில் வெளியானது. அது சமயத் தேடலின் நூலாகவே வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. உடம்பும் உறக்கமும் பசியும் அதில் குறைவு. அதனால் இந்தத் துறையின் முன்னோடி என்று வணங்கிவிட்டு மேலே செல்லலாம்.

நிற்க வேண்டிய இடம் வில்லியம் ஸ்டைரன்.

அவருடைய 'டார்க்னஸ் விசிபிள்' 1990இல் வந்தது. நூறு பக்கம்கூட இல்லை. இந்தச் சிறிய அளவு முக்கியமானது. 46 வயதில் எட்டு மாதம் நாளிதழின் ஒரு பத்தியைக்கூட முடிக்க முடியாமல் கிடந்து எழுந்தபின், நான் முதலில் முழுதாக வாசித்து முடித்த புத்தகம் அது. வேறு எந்தப் பெரிய நூலையும் அன்று என்னால் தூக்கியிருக்க முடியாது.

ஸ்டைரன் அமெரிக்காவின் பெரும் நாவலாசிரியர். புலிட்சர் பரிசு பெற்றவர். 'சோஃபிஸ் சாய்ஸ்' எழுதியவர். 1985இல் அவருக்கு 60 நிறைந்தது. அந்தக் கோடையில், பல்லாண்டுகள் துணையாயிருந்த மதுவை உடல் திடீரென ஏற்க மறுத்தது. அதையடுத்து இருள் கவிந்தது. அக்டோபரில் ஒரு பெரிய இலக்கியப் பரிசு பெற பாரீஸ் போனார். பரிசளித்தவர்கள் அவருக்காகவே ஏற்பாடு செய்திருந்த விருந்துக்கு வர இயலாது என்று சொல்லி அவர்களைத் திகைக்க வைத்தார். பிறகு மனநோய் என்று விளக்கி மன்னிப்புக் கேட்டார். பரிசுக் காசோலையும் சற்று நேரம் காணாமல் போனது. டிசம்பரில் ஓர் இரவு, இனி இல்லை என்று முடிவெடுத்திருந்த வேளையில், பார்த்துக்கொண்டிருந்த திரைப்படத்திலிருந்து பிராம்ஸின் பாடல் ஒன்று எழுந்தது. அந்த இசையோடு வீட்டின் அத்தனை நினைவுகளும் வந்தன. மனைவியை எழுப்பினார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். ஏழு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக அங்கே இருந்து மீண்டார்.

மீண்டதும் அவர் இதை எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1987இல் இத்தாலிய எழுத்தாளர் ப்ரீமோ லெவி இறந்தார். அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் உயிர்தப்பியவர் இப்படித் தம்மை மாய்த்துக்கொள்ளலாமா என்று அறிஞர்கள் ஒரு கூட்டத்தில் ஏமாற்றத்துடன் பேசியதைக் கேள்விப்பட்ட ஸ்டைரன் பொறுக்கமாட்டாமல், 1988 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இது நோய், ஒழுக்கக் குறைவல்ல என்பதே அதன் சாரம். கடிதங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து 1989இல் ஓர் உரை, உரையிலிருந்து ஒரு பத்திரிகைக் கட்டுரை, கட்டுரையிலிருந்து நூல். இன்னொருவருக்காக வாதாடப் போய்த்தான் தன் கதையைச் சொன்னார். இந்த நூலில் தன்னிரக்கம் இல்லாமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நூலின் பலம் துல்லியம். காலையில் ஓரளவு தெளிந்திருக்கும் மனம் பிற்பகலில் எப்படி மூடிக்கொள்கிறது, குரல் எப்படித் தேய்ந்து கிழவனுடையது போலாகிறது, மூக்குக்கண்ணாடி போன்ற சிறு பொருளைத் தொலைப்பதுகூட எப்படிப் பேரச்சமாகிறது என்று எழுதுகிறார். தம் பழைய நாவல்களைத் திரும்பப் பார்த்தபோது தற்கொலை அவற்றில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கண்டு திடுக்கிடுகிறார். ஆங்கிலத்தில் இந்நோய்க்கு வழங்கும் 'டிப்ரஷன்' என்ற சொல் மிகவும் சப்பையானது, தரைப் பள்ளத்துக்கும் வணிக மந்தத்துக்கும் சொல்வது என்று கோபப்படுகிறார்.

அந்தக் கோபம் நமக்கும் வேண்டும். தமிழில் இரண்டு சொற்கள் இருந்தும் குழப்பம் தீரவில்லை. செய்தித்தாள்கள் இன்றும் மன அழுத்தம் என்று எழுதுகின்றன. அது தேர்வுக்கு முந்தைய நாள் மாணவனுக்கும் வரும். மனச்சோர்வு என்பது வேறு. நோயாளி வீட்டில் பேசுகிற தமிழ் இவை இரண்டையும்விடச் சரியாக இருக்கிறது: 'எதுவும் ஓடவில்லை', 'மனசு விட்டுப்போச்சு', 'நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் இருக்கிறது'. மருத்துவரிடம் போனதும் இந்தச் சொற்களை விட்டுவிட்டு டிப்ரஷன் என்கிறோம்.

ஸ்டைரனின் கதையை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. 2000இல் நோய் மீண்டும் வந்தது. எழுதிக்கொண்டிருந்த பெரிய நாவலை அவர் முடிக்கவே இல்லை, 2006இல் இறந்தார். மகள் அலெக்ஸாண்ட்ரா ஸ்டைரன் 2011இல் எழுதிய 'ரீடிங் மை ஃபாதர்' அந்த வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறது. பிள்ளைகள் அப்பாவின் சினத்துக்கு அஞ்சி வளர்ந்ததையும் மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே நியாயம். நோயாளி எழுதும்போது வீட்டார் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்களும் எழுத வேண்டும்.

ஸ்டைரனுக்குப் பின் கதவு திறந்தது. 1994இல் எலிசபெத் வர்ட்ஸல் 'ப்ரோஸாக் நேஷன்' எழுதினார். இருபதுகளில், காயம் ஆறுமுன் எழுதியது. வேகம் உண்டு, தூரம் இல்லை. மறு ஆண்டே வந்த கே ரெட்ஃபீல்ட் ஜாமிசனின் 'ஆன் அன்கொயட் மைண்ட்' நேர் எதிரானது. ஜாமிசன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் உளமருத்துவப் பேராசிரியர். எந்த நோயைப் பற்றிப் பாடநூல் எழுதினாரோ அந்த இருதுருவ மனநோய் தமக்கே உண்டு என்று 49 வயதில் வெளியே சொன்னார். லித்தியம் என்னைக் காத்தது, அதை நிறுத்திய ஒவ்வொரு முறையும் நான் விழுந்தேன் என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். மாத்திரை கற்பனையைக் கொன்றுவிடும் என்று அஞ்சும் எழுத்தாளர்கள் இதை வாசிக்க வேண்டும்.

ஆண்ட்ரூ சாலமனின் 'தி நூன்டே டீமன்' 2001இல் வந்து அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. தன் கதையோடு நிறுத்தாமல் செனகலுக்கும் கிரீன்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் போய், அங்குள்ளவர்கள் இந்நோயை எப்படிப் புரிந்துகொண்டு ஆற்றுகிறார்கள் என்று பார்த்தவர் அவர். தடித்த நூல், நலமான பிறகு வாசிக்கலாம். எனக்கு அதைவிட நெருக்கமானது கானாவில் பிறந்த மேரி நானா-அமா டான்குவா 1998இல் எழுதிய 'வில்லோ வீப் ஃபார் மீ'. கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள் என்ற எதிர்பார்ப்பே அவளைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்கிறார் டான்குவா. பொறுமைக்கு உவமையாகப் பூமியைக் காட்டி வளர்க்கப்பட்ட தமிழ்ப் பெண்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் இத்தகைய அனுபவம் இல்லாமலில்லை. அதை நாவலுக்குள் வைத்துப் பூட்டினோம். கும்பகோணத்தில் பட்டு ஜரிகை வணிகம் செய்தவர், 16 வயதில் 'மணிக்கொடி'யில் முதல் கதை எழுதியவர் எம்.வி. வெங்கட்ராம். அவருக்கு நடுவயதில் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கின. அந்தக் கொடுமையோடு குடும்பத்தைக் காத்து, கூலிக்கு வாழ்க்கை வரலாறுகள் எழுதிப் பிழைத்து, எல்லாம் ஓய்ந்த முதுமையில் 'காதுகள்' நாவலாக அதைக் கொடுத்தார். 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றபோது அவருக்கு 73. அவர் விவரிப்பது சோர்வைவிட வேறான நோய். ஆனாலும் உள்ளே நடக்கும் போரைப் பொய்யில்லாமல் எழுத முடியும் என்பதற்குத் தமிழில் அதுவே என் முதல் ஆதாரம். கோபி கிருஷ்ணன் இன்னொருவர். உளவியல் படித்தவர், மாத்திரைகளோடு வாழ்ந்தவர், முதல் தொகுப்பு வெளிவந்தபோது நாற்பதை எட்டியிருந்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளிகளை அவர்கள் பேச்சிலேயே பேசவிடுகிறது. 2003இல் அவர் இறந்தபின்தான் பலர் அவரைத் தேடி வாசித்தார்கள்.

துயரம்தான் கலையின் ஊற்று என்ற மூடநம்பிக்கை நம் இலக்கிய உலகில் இன்னும் சாகவில்லை. 'ழ' இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாம் 1984இல், 33 வயதில் தம்மை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் கட்டிவிட்டோம். அவருடைய 50 வயதுக் கவிதைகள் என்னவாக இருந்திருக்கும் என்று நாம் கேட்பதில்லை. நோய் அவருக்குக் கவிதை கொடுத்ததாக நான் நம்பவில்லை. இனி வரவிருந்த கவிதைகளை எடுத்துக்கொண்டு போனது.

பிந்தி எழுத வருவது தமிழில் புதிதல்ல. அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுப்பு 'அக்கா' 1964இல் வந்தது; அடுத்தது 1995இல், அவர் 58ஐத் தொட்டபோது. நாம் இன்று வாசிக்கும் முத்துலிங்கம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிந்தியவர். பாமா துறவு மடத்தைவிட்டு வெளியேறி, வேலையும் பிடிமானமும் இல்லாமல் நின்ற நாட்களில் எழுதியது 'கருக்கு'. 1992இல் வந்த அந்நூல் பின்னர் எத்தனையோ தலித் பெண்களுக்கு எழுதும் துணிவைக் கொடுத்தது.

எழுதினால் நோய் தீருமா? 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை அடுத்தடுத்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் மனக்காயங்களைப் பற்றி எழுதச் சொன்னார். உணர்வையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. அதற்குப்பின் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் உண்டு, ஆனால் சிறிது என்கிறார்கள். ஆகவே எழுத்தை மருந்தின் இடத்தில் வைக்காதீர்கள். ஸ்டைரனை மீட்டவை ஓய்வும் மருத்துவமனையும். ஜாமிசனைக் காத்தவை லித்தியமும் உளவியல் சிகிச்சையும். புத்தகம் பிறகு வந்தது.

45இலோ 55இலோ இதைக் கடந்து வந்தவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எழுதுங்கள், நாவலாக்கி ஒளிக்காமல், தன்மை ஒருமையில் எழுதுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மாதம், வீட்டில் யார் முதலில் கண்டுபிடித்தார்கள், சோற்றில் எந்த நாள் மறுபடி ருசி தெரிந்தது என்பதையெல்லாம் சொல்லுங்கள். பெரிய நூல் வேண்டாம். படுத்துக் கிடப்பவர் கையில் ஏந்தும் அளவுக்கு எண்பது பக்கம் போதும். இப்போது நடுவெள்ளத்தில் இருப்பவர்கள் எதையும் எழுத வேண்டியதில்லை. அழைத்தால் போதும்: அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.